ஆறாம் காற்றாடிக்குப் போன வட்டவிதானை

நற்பிட்டிமுனை வயல்வெளியில் ஜவுபர் விதானையின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர்கூட அவருடைய சத்தத்துக்குப் பயந்துதான் ஒழுங்காக ஓடுகிறது என்று விவசாயிகள் பகிடி பண்ணுவார்கள், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு. வயது அறுபத்தொன்று. வெயிலில் கறுத்துக் காய்ந்த ஒல்லி மனிதர். மடித்துக் கட்டிய சாரம், தலையில் ஒரு துவாய், கையில் மண்வெட்டி. அந்த மண்வெட்டியால் அவர் மண்ணை வெட்டியதை விட ஆட்களை நோக்கி நீட்டிக் கதைத்ததுதான் அதிகம்.

வட்டவிதானை என்பது பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. முன்னூறு ஏக்கர் வயல் அடங்கிய ஒரு வட்டைக்குள் எல்லாருக்கும் முறைப்படி தண்ணீர் போகிறதா, எவனாவது வரம்பை வெட்டிப் பக்கத்து வயல் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பினானா என்று பார்த்துக்கொள்ளும் வேலை. போகம் தொடங்கும் முன்பு விவசாயிகள் கூடிக் கையுயர்த்தி ஆளைத் தெரிவு செய்வார்கள். இருபத்திரண்டு வருடமாக ஜவுபருக்குத்தான் கைகள் உயர்கின்றன. அவர் மேலுள்ள பிரியத்தினால் என்று நினைத்துவிட வேண்டாம். வேறொருவருக்குக் கையை உயர்த்திவிட்டு அந்த வருடம் முழுக்க அவருடைய வாயில் விழ யாருக்கும் தைரியம் இல்லை.

ஆனால் ஒன்று. அவர் அநியாயத் தீர்ப்புச் சொன்னதாக ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர்ச் சண்டை என்று இரண்டு பேர் வந்தால் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வட்டையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வருவார். வாய்க்கால் தலைப்பில் தொடங்கி, கடைசி வரம்பு வரைக்கும் போய், மறுபக்கத்தால் திரும்பி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்வரை எவரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வழக்குத் தோற்றது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், ஈரமண் சொல்லாது என்பது அவருடைய கணக்கு. கண்ணால் காணாமல் தீர்ப்புச் சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெருமை, கொஞ்சம் அளவுக்கு மிஞ்சிய பெருமை.

அப்படிப்பட்ட மனிதர்தான் சொந்த மருமகன் விஷயத்தில் கட்டிலை விட்டு எழும்பாமலே தீர்ப்பை முடிவு செய்தார்.

மருமகன் பெயர் இன்பாஸ். மருதமுனைப் பிள்ளை. ஜவுபரின் ஒரே மகள் பஸ்லியாவைக் கலியாணம் முடித்து நாலு வருடம், இரண்டு வயதில் ஒரு பெண்பிள்ளை. இந்தக் கரையில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெண்ணின் வாப்பாவின் கடமை. ஜவுபரும் தன் வளவுக்குள்ளேயே ஒரு வீட்டைக் கட்டி, உறுதிப் பத்திரத்தைப் பஸ்லியாவின் பெயரில் எழுதி, இன்பாஸைக் கூட்டிவந்து குடிவைத்தார். இன்பாஸ் மேசன் வேலை தெரிந்தவன். போன வருடம் மலைநாட்டில் ஒரு காற்றாலைக் கம்பனியில் இடம் கிடைத்துப் போனான். எந்த மலை, எந்தக் கம்பனி என்று இங்கே எழுதப்போவதில்லை. வக்கீல் கடிதம் அனுப்புவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். காற்றாடிக் கோபுரங்களுக்குப் போகும் பாதையையும் மழைத்தண்ணீர் ஓடும் பாதையோரக் கானையும் பழுதுபார்ப்பது அவன் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவான்.

தை மாதக் கடைசியில் அவன் விழுந்தான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது, இடுப்பெலும்பும் வெடித்தது. ஆஸ்பத்திரியில் அவன் கிடக்கும்போதே கம்பனியிலிருந்து நற்பிட்டிமுனைக்கு ஒரு கடிதம் வந்தது. 'மேற்படி ஊழியர் மதுபோதையில், வேலைத்தலத்தை விட்டு விலகி, பார்வையாளர் நடைபாதையிலுள்ள பாறையிலிருந்து தவறி விழுந்துள்ளார். அவருடைய பையில் மதுப் போத்தல் காணப்பட்டது.' கூடவே ஒரு புகைப்படம். திறந்த பைக்குள் ஒரு துவாய், ஒரு சாப்பாட்டுப் பெட்டி, ஒரு சாராயப் போத்தல். லேபல் பாதி உரிந்திருந்தது. மீதிப் பாதியே போதுமானதாக இருந்தது.

அந்த நேரம் ஜவுபர் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்துக் கிடந்தார். மனைவி முஸ்பிறா கடிதத்தை வாசித்துக் காட்டினாள். படத்தை அவரே வாங்கிப் பார்த்தார். ஐந்து நேரம் தொழுகிற வீடு. வெள்ளிக்கிழமை பள்ளியில் முன் வரிசையில் நிற்கிற மனிதர். அவருக்குத் தலைக்குள் எரிந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, காலில் கம்பி பூட்டி, வானின் பின்சீட்டில் படுக்க வைத்து இன்பாஸை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜவுபர் வாசல் படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

“இஞ்ச இறக்காதீங்க. குடிகாரன் கால் வெக்கிற ஊடு இல்ல இது. அவன்ட உம்மாட ஊட்ட கொண்டு போங்க.”

“மாமா, அந்தப் போத்தல்...” என்று இன்பாஸ் தலையைத் தூக்கினான்.

“கதைக்காதடா!”

தெருவே வெளியில் வந்து பார்த்துக்கொண்டு நின்றது. பஸ்லியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். வான் திரும்பி மருதமுனைக்குப் போனது. அந்த வீடு சட்டப்படி பஸ்லியாவுடையது, அதற்குள் யார் வரலாம் யார் வரக்கூடாது என்று சொல்ல அவருக்கு ஒரு உரிமையும் இல்லை. இதை அவருக்குச் சொல்லக்கூடிய துணிச்சல் அந்தத் தெருவில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

பிறகு மகளைக் காதியாரிடம் போய் விவாகரத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவள் வாயெடுத்தபோதெல்லாம் அவர் சத்தம் போட்டு அடக்கினார். அவள் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி மருதமுனைக்குப் போய் வந்தாள். ஐந்து மாதம் இப்படியே போனது. பள்ளி வாசலில் யாராவது இரண்டு பேர் குரலைத் தாழ்த்திக் கதைத்தால் தன் மருமகனைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று ஜவுபர் நினைத்தார். பாதி நேரம் அது சரியாகவும் இருந்தது.

ஆடி மாதத்தில் தொழில் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. படுத்த படுக்கையிலிருந்தே இன்பாஸ் முறைப்பாடு எழுதியிருந்தான். நான் பாறையிலிருந்து விழவில்லை, ஆறாம் இலக்கக் காற்றாடிக்குப் பக்கத்தில் கானை மூடியிருந்த கொங்கிரீட் பலகை உடைந்து உள்ளே போனேன் என்பது அவனுடைய வாக்குமூலம். இடத்தைப் பார்வையிட அதிகாரி போகிறார், முறைப்பாட்டுக்காரர் வர முடியாவிட்டால் குடும்பத்தவர் ஒருவர் வரலாம் என்று கடிதத்தில் இருந்தது.

பஸ்லியா அதைக் கொண்டுவந்து வாப்பாவின் மடியில் போட்டாள்.

“ஊரானுட வரம்புக்கெல்லாம் சுத்துப் போறீங்களே வாப்பா. என்ட புருஷனுக்காக ஒரு சுத்துப் போக ஏலாதா உங்களுக்கு?”

“அவன் குடிச்சதத்தான் நான் கண்டேனே.”

“என்னத்தக் கண்டீங்க? போத்தல்ர படத்தக் கண்டீங்க.”

“சரி. போறன். அந்தப் பாறையையும் கண்டுட்டு வாறன். அவன் சொன்னது பொய்யெண்டா மறுகா நீ காதியாரிட்டப் போகணும். இப்பவே சொல்லிட்டன்.”

“ஓம், போறன்,” என்றாள் பஸ்லியா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த வேகம் அவரைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது.

பார்வையிடும் நாளுக்கு முதல் நாள் புறப்பட்டு, அம்பாறை, மொனராகலை என்று பஸ் மாறி மாறி, அடுத்த நாள் காலை அவர் மலையடிவாரத்தில் இறங்கினார். தொழில் அதிகாரி நல்லரெத்தினம் அங்கே காத்துக்கொண்டு நின்றார். மட்டக்களப்புப் பக்கத்து மனிதர், பருத்த உடம்பு, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். கம்பனிப் பக்கத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்திருந்தார். கொழும்புத் தமிழர், தலையில் புத்தம் புதிய மஞ்சள் தொப்பி. வழிகாட்டுவதற்கு சாமித்தம்பி என்ற ஒரு தொழிலாளியையும் அனுப்பியிருந்தார்கள். தம்பிலுவில் ஊர்க்காரன், இன்பாஸோடு வேலை செய்தவன். அவன் ஜவுபரின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காற்றாலையைப் பார்க்க வருகிற சனத்துக்காகக் கம்பனி ஒரு நடைபாதை போட்டிருந்தது. வன இலாகா நட்ட பைன் காட்டுக்குள்ளால் ஏறி, மலைமுதுகில் காற்றாடிகள் நிற்கிற இடத்தைத் தொட்டு, மறுபக்கம் யூக்கலிப்டஸ் தோப்புக்குள்ளால் இறங்கி, புறப்பட்ட வாசலுக்கே வந்து சேருகிற ஆறு கிலோமீற்றர் பாதை. மரங்களில் மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தது.

“நேராக ஜீப்பில் பாறைக்குப் போகலாம்,” என்றார் மஞ்சள் தொப்பி.

“பாறைக்கு மட்டும் போறதுக்கு நான் வரல்ல,” என்றார் ஜவுபர். “ஒரு முழுச் சுத்து. திரும்ப இந்த வாசலுக்கு வாற வரைக்கும் ஆரும் கதைக்கப்படாது. எங்கட வழமை அது.”

மஞ்சள் தொப்பி சிரித்தார். நல்லரெத்தினம், “எனக்கு ஓம். ஏறக்குள்ள எனக்குக் கதைக்க மூச்சும் வராது,” என்றார். நடந்தார்கள்.

பைன் காடு ஜவுபருக்குப் பிடிக்கவில்லை. வரிசை பிசகாமல் நட்டிருந்த மரங்கள். கீழே ஒரு புல் இல்லை, ஒரு செடி இல்லை. ஊசி இலை காய்ந்து சறுக்கியது. ஓடை என்று போட்டிருந்த இடத்தில் வெறும் கல். தண்ணீரை எல்லாம் தானே குடித்துவிட்டுப் பக்கத்தில் எதையும் வாழவிடாத இந்த மரத்தைத் தெரிந்தெடுத்து நட்டவனை ஒரு நாளைக்கு வட்டைக்குக் கூட்டிப்போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. எதிரே கறுப்புக் கண்ணாடி போட்ட இளசுகள் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். தன் வீட்டு மானம் போன இடத்தில் இவர்கள் படம் பிடித்து விளையாடுகிறார்கள் என்று அவர்கள் மேலும் கோபம் வந்தது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் ஜவுபரின் கோபத்துக்கு அந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது.

ஒரு மணித்தியாலம் ஏறிய பிறகு பாறை வந்தது. மஞ்சள் தொப்பி பேசாமல் கையை நீட்டிக் காட்டினார். ஜவுபர் விளிம்புக்குப் போனார். இடுப்பளவு உயரத்துக்கு இரும்புக் கம்பி வேலி, பாறையைச் சுற்றி ஒரு இடைவெளி இல்லாமல் ஓடியது. அடியில் பழைய துரு. நேற்று வைத்த வேலி அல்ல. கையால் ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. இதிலிருந்து ஒருவன் தவறி விழுவதென்றால் முதலில் இதில் ஏற வேண்டும். குடித்தவன் ஏறுவானா என்று யோசித்தார். ஏறவும் கூடும். அவருக்கு இன்னும் மருமகன் மேலுள்ள கோபம் இறங்கவில்லை, ஆனாலும் அந்தக் கம்பி மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

காடு முடிந்து மலைமுதுகுக்கு வந்ததும் காற்று அறைந்தது. துவாயைப் பிடித்துக்கொண்டார். இது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றேதான். இதே காற்றுத்தான் மலையிறங்கிச் சூடேறி, இந்த மாதத்தில் கல்முனைக் கரையெல்லாம் புழுதியை வாரி இறைத்து மனிதரைப் பொரிக்கும். இங்கே குளிராக வீசி, வானம் முட்டுகிற வெள்ளைக் கோபுரங்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனார். பாதையோரம் முழுக்கக் கான், கானுக்கு மேலே கொங்கிரீட் பலகைகள். ஜவுபர் காற்றாடிகளை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவருடைய கண் தன் தொழிலுக்குப் போய்விட்டது. பலகைகளையும் தண்ணீர் போன தடத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஆறாவது கோபுரத்தடியில் நின்றார். குந்தினார். ஒரு பலகையைத் தடவினார், அடுத்ததைத் தடவினார், மூன்றாவதில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு இருபத்திரண்டு வருடமாகத் தானே காத்துவந்த வழமையைத் தானே உடைத்தார்.

“டேய்!” என்று மஞ்சள் தொப்பியைப் பார்த்துக் கத்தினார். “இந்த மூடியெல்லாம் எப்ப போட்ட?”

“மரியாதையாகப் பேசுங்கள். எல்லாமே ஒரே தடவையில் போட்டது. இரண்டு வருடத்துக்கு முந்தி.”

“எல்லாமா?”

“எல்லாம்தான். பதிவு இருக்கிறது.”

“சேர், இஞ்ச வாங்க,” என்று ஜவுபர் நல்லரெத்தினத்தைக் கையைப் பிடித்து இழுத்துக் குந்த வைத்தார். “இந்தப் பக்கம் பாருங்க, பாசி புடிச்சு, காஞ்சு கறுத்துப் போய்க் கிடக்கு. அந்தப் பக்கமும் அப்பிடித்தான். மாரி மழை நாலு மாசம் ஊறினாத்தான் கொங்கிரீட்டு இப்பிடிக் கறுக்கும். நடுவில கிடக்கிற இதப் பாருங்க. வெள்ளை வெளேரெண்டு இரிக்கி. இது போன மாரியக் காணவே இல்ல சேர். தை மாசத்துக்குப் பொறகு வெச்ச பலகை இது. மதகும் வாய்க்காலும் பாத்துத்தான் என்ட தலை நரைச்சது. என்னட்டப் பொய் சொல்ல வாறானுகள்!”

மஞ்சள் தொப்பி ஏதோ பராமரிப்பு, வழமையான மாற்றீடு என்று தொடங்கினார். ஜவுபர் கேட்கவில்லை. சாரத்தை மடித்துக்கொண்டு கான் போய் விழுகிற பள்ளத்துக்குள் இறங்கினார். அறுபத்தொரு வயதில் இறங்கக்கூடிய பள்ளமல்ல அது. புதராக மண்டிய பன்னச் செடியை விலக்கிக்கொண்டு போனவர் கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம் வைத்தார். பழைய பலகையின் அரைவாசி அங்கே கிடந்தது, பாசியோடு. உடைந்த முகத்தில் ஒரு கம்பி கூட இல்லை. வெறும் சீமெந்தும் மணலும். ஆள் நடக்கிற இடத்துக்கு வைக்கிற பலகையில் கம்பி போடாமல் மிச்சம் பிடித்திருந்தார்கள்.

அப்போதுதான் சாமித்தம்பி வாயைத் திறந்தான். “ஓம் ஐயா, இதுக்குள்ளதான் உழுந்தவன். நானும்தான் தூக்கின. அண்டைக்கு மேல பாதை வெட்டிக் கிடந்தது, ஜீப்பு பாறையடிக்குத்தான் வரும் எண்டு அங்க தூக்கிக் கொண்டுபோய்க் கிடத்தினம். படம் எடுத்தது அங்க வெச்சு.” சொல்லும்போது அவன் மஞ்சள் தொப்பியைப் பார்க்கவில்லை.

“அஞ்சு மாசம் வாய்க்குள்ள என்னத்த வெச்சிருந்த நீ?” என்று ஜவுபர் சீறினார். சாமித்தம்பிக்கு மூன்று பிள்ளைகள், இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை. நல்லரெத்தினம் எல்லாவற்றையும் படம் எடுத்து, அவன் சொன்னதை எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்.

மஞ்சள் தொப்பி விடவில்லை. “பலகை உடைந்ததென்றே வைத்துக்கொள்வோம். ஆள் போதையில் இருந்தது உண்மைதானே? போத்தல் எங்களிடம் இருக்கிறது. ஜீப்பில் சான்றாகக் கொண்டு வந்திருக்கிறேன்.”

ஜவுபர் இறங்கு பாதையில் முன்னால் நடந்தார். இறங்கும்போது யூக்கலிப்டஸ் தோப்பின் வாசனை மூக்கை அடைத்தது. கம்பனி பொய் சொன்னது என்று தெரிந்துவிட்டது, ஆனால் அந்தப் போத்தல் அப்படியே நின்றது. வாசலுக்குக் கிட்ட, பாதை கிராமத்துத் தெருவைத் தொடுகிற இடத்தில் ஒரு மனுசி பெட்டிக்கடை வைத்திருந்தாள். பலகையில் மரக்கறி, கொய்யாப்பழம், அதற்குப் பக்கத்தில் வரிசையாகத் தேன். பத்துப் பன்னிரண்டு போத்தல்கள். அத்தனையும் பழைய சாராயப் போத்தல்கள். லேபலைச் சுரண்டிப் பார்த்து, முழுதாக வராமல் பாதியோடு விட்டிருந்தாள்.

ஜவுபர் அப்படியே நின்றுவிட்டார். தை மாதம், காய்ச்சலோடு படுத்துக் கிடந்தபோது, இன்பாஸ் எடுத்த தொலைபேசியில் தான் இருமி இருமிச் சொன்னது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. 'மனே, இந்த இருமல் உடுகுதில்ல. அங்கால சுத்தத் தேன் கிடைச்சா ஒரு போத்தல் கொண்டா.' தானே கேட்டது. கேட்டுவிட்டுத் தானே மறந்தது.

“அந்தப் போத்தலக் கொண்டாங்க,” என்றார்.

ஜீப்பிலிருந்து வந்தது. பொலித்தீன் பையில் முத்திரையோடு. நல்லரெத்தினம் முத்திரையை உடைத்தார். உள்ளே பெரும்பகுதி சிந்திப்போய், அடியில் ஏதோ கறுப்பாக உறைந்து கிடந்தது. ஜவுபர் ஒரு ஈர்க்கை முறித்து உள்ளே விட்டுச் சுரண்டி எடுத்தார். வாழ்நாளில் ஒரு துளி சாராயம் படாத நாக்கை நீட்டி, எல்லாரும் பார்த்திருக்க, சாராயப் போத்தலுக்குள்ளிருந்து வந்ததை அதில் வைத்தார். இனித்தது. தொண்டை வரைக்கும் இனித்தது.

ஈர்க்கை மஞ்சள் தொப்பியின் முகத்துக்கு நேரே நீட்டினார். “நீயும் நக்கு! நக்கிப் பாத்துட்டுச் சொல்லு, எந்தச் சாராயத் தவறணையில இது விக்கிறெண்டு! ஒரு மனிசன குடிகாரனெண்டு எழுத முந்தி மூடியத் திறந்து மணந்து பாக்க ஏலாதா உங்களுக்கு? அஞ்சு மாசம்! அஞ்சு மாசம் பைக்குள்ள போட்டு முத்திரையும் குத்தி வெச்சிருந்தீங்களாடா!”

மஞ்சள் தொப்பி பின்னால் போனார். நல்லரெத்தினம் தன் விரலால் தொட்டுச் சுவைத்து, “தேன்தான்,” என்று எழுதினார். ஜவுபர் ஈர்க்கைக் கீழே போட்டார். கம்பனிக்காரன் மணந்து பார்க்கவில்லை, சரி. அவனுக்கு இன்பாஸ் யாரோ. நீ கேட்டாயா? அந்தக் கேள்வி அவருக்குள்ளேயிருந்தே வந்தது.

ஒன்றரை மாதத்தில் தொழில் திணைக்களத்தின் அறிக்கை வந்தது. விபத்து ஆறாம் இலக்கக் கோபுரத்தடியில் நடந்தது, காரணம் தரமற்ற பலகை, ஊழியர் மது அருந்தியிருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. கம்பனி முந்திய கடிதத்தை எழுத்தில் வாபஸ் வாங்கியது. ஜவுபர் இரண்டையும் கவரில் போட்டுக்கொண்டு மருதமுனைக்குப் போனார். கதவைத் திறந்தது இன்பாஸின் உம்மா றுமைஸா. அவருக்கு ஸலாம் சொன்னாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவரே போனார்.

இன்பாஸ் கதிரையில் இருந்தான். ஊன்றுகோல் பக்கத்தில். கடிதங்களை இரண்டு தரம் வாசித்தான்.

“நல்லம் மாமா. மலையேறிப் போய்க் கேட்டிருக்கீங்க.” கடிதத்தை மடித்தான். “வானுக்குக் கிட்ட வந்து என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கல்ல.”

“பிழைதான். என்ட பிழைதான் மனே. வா, ஊட்ட போவம்.”

“எந்த ஊட்ட?” என்று இன்பாஸ் கேட்டான். குரலை உயர்த்தவில்லை. “படலையில இறங்க உடாம திருப்பின ஊட்டயா? காலில கம்பியோட கிடந்தன். தெருச்சனம் எல்லாம் பாத்துக்கிட்டு நிண்ட. நான் வரல்ல மாமா.”

ஜவுபருக்கு அந்த இடத்திலும் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் போய் மானத்தை மீட்டுக் கொண்டுவந்தவனிடம் வரமாட்டேன் என்கிறானே என்ற கோபம். ஆனால் அந்தக் கோபம் வாசற்படி தாண்டுவதற்குள் செத்துவிட்டது.

அடுத்த நாள் மதியம் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது படலையடியில் ஒரு ஓட்டோ நின்றது. பஸ்லியா பிள்ளையை ஏற்றி, உடுப்பு மூட்டை இரண்டையும் உள்ளே தள்ளிவிட்டு, தன் வீட்டுக் கதவைப் பூட்டினாள். முஸ்பிறா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பெண் வீட்டை விட்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் குடிபோவது இந்தக் கரையில் யாரும் செய்கிற காரியம் அல்ல. தெரு முழுக்கச் சனம் வெளியில் வந்துவிட்டது.

“எங்ககா போறாய்? சொந்த ஊடு கிடக்கக்குள்ள?” என்றார் ஜவுபர்.

பஸ்லியா சாவியை அவருடைய கையில் வைத்தாள். “கம்பனி எழுதின பொய்ய மாத்திட்டு வந்திரிக்கீங்க வாப்பா. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும். நீங்க சொன்னத்த ஆரு மாத்துற? கம்பனிட கடிதத்த நாலு பேர் வாசிச்சிருப்பானுகள். நீங்க சொன்னத்த இந்தத் தெருவே கேட்டது.”

ஓட்டோ கிளம்பியது. ஜவுபர் சாவியோடு நின்றார். பிறகு ஓட்டோவுக்குப் பின்னால் இரண்டு எட்டு ஓடி, தெருவின் நடுவில் நின்று, வயல்வெளியின் மறுகரைக்கும் கேட்கிற அந்தக் குரலில் கத்தினார்.

“என்ட மருமகன் குடிக்கல்ல! எல்லாரும் கேளுங்க! அவன் பையில இருந்தது தேன்! எனக்கு மருந்துக்கெண்டு நான் கேட்ட தேன்! கேக்காம விசாரிக்காம அவனத் தெருவில வெச்சுக் குடிகாரனெண்டு சொன்னவன் நான்! கேடுகெட்டவன் நான்தான்!”

ஓட்டோ சந்தியடியில் நின்றது. பஸ்லியா தலையை வெளியே நீட்டினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் இளகவில்லை.

“இத இஞ்ச சொல்லாதீங்க வாப்பா. மருதமுனைக்கு வந்து, அவர்ர உம்மாட வாசலில நிண்டு சொல்லுங்க. அவர் கேக்கச் சொல்லுங்க.”

ஓட்டோ சந்தியில் திரும்பிப் போய்விட்டது. ஜவுபர் உள்ளே வந்து முஸ்பிறாவிடம் வெளியூர் போகும்போது போடுகிற சட்டையைக் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு மருதமுனைக்குப் புறப்பட்டார்.